கெங்கம்மாள் ஏறிய லாரி

திண்டிவனத்தில் அந்த நாளில் லாரி வாங்க ஆசைப்பட்டவன் பேங்குப் படி ஏறமாட்டான். ஏறினாலும் மேனேஜர் அவனை உட்காரச் சொல்லப்போவதில்லை. நேரே மரக்காணம் ரோட்டில் இருந்த கெங்கம்மாளின் மண்டிக்குத்தான் போவான். அங்கே மரநாற்காலியில் வெள்ளைப் புடவையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். பத்திரத்தை நீட்டினால் கையால் தொடவும் மாட்டார். "அத உள்ள வைப்பா. வாங்கப் போற வண்டிய ஓட்டிக்கினு செவ்வாக்கெழம காலைல வா. விழுப்புரம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்பார். அவருடைய விசாரணை மொத்தமும் அந்த ஒரு சவாரிதான்.

போக வர ஐம்பது மைல். கடன் கேட்கிறவன் ஓட்டவேண்டும், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வண்டி கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே பேச்சுதான் பேசுவார்: "வழியில என்னா வேணா பேசு, பேசாமயும் வா, அது ஒன் இஷ்டம். பொய் மட்டும் சொல்லாத. சொன்னா அங்கயே எறங்கிப் பூடுவேன்."

சும்மா மிரட்டல் என்று நினைக்காதீர்கள். இறங்கியும் இருக்கிறார். நாற்பது ஏக்கர் நஞ்சைக்காரர் மகன் ஒருவன், வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வந்து, தனக்குக் குடிப்பழக்கமே இல்லை என்று விக்கிரவாண்டி கிட்டே வாயை விட்டான். "நிறுத்துப்பா" என்றார். இறங்கி, முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பண்ருட்டிக்குப் போனான், கடலூருக்குப் போனான், செஞ்சிக்கும் போனான். போன இடத்திலெல்லாம் பைனான்ஸ்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி: "கெங்கம்மா ஒன் வண்டியில விழுப்புரம் வரைக்கும் வந்தாங்களா?" கடைசியில் அவன் கோழிப்பண்ணை வைத்தான். அதுவும் மாமனார் பணத்தில்தான்.

இத்தனை அதிகாரம் அந்த அம்மாவுக்கு யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. கிளியனூர்ப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் திண்டிவனத்துத் தாண்டவராயனுக்கு வாக்கப்பட்டு வந்தவர். தாண்டவராயன் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற இரண்டு மாட்டு வண்டி வைத்திருந்தார். கெங்கம்மாளுக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது அவரைத் தனியாக விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வீட்டில் வந்து இரு என்று சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இந்த அம்மா ஒரு ஜோடி மாட்டை விற்றார். டயர் வெடித்து நடுரோட்டில் நின்ற ஒரு லாரிக்காரனுக்கு அந்தப் பணத்தைத் தூக்கிக் கொடுத்தார். ஊரே சிரித்தது. அந்த லாரிக்காரன் மூன்றே மாதத்தில் பணத்தை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். ஊர் அப்போதும் சிரித்தது. பிறகு சிரித்தவர்களே ஒவ்வொருவராகக் கடன் கேட்டு வந்தார்கள்.

எண்பதுகள் பிறந்தபோது டிரங்க் ரோட்டில் நாலு லாரி போனால் ஒன்று கெங்கம்மாள் பணத்தில் ஓடியது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஆரன் சத்தத்தை வைத்து யார் வண்டி என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களுக்கும் முதலாளிகளுக்கும் அடிதடி. போலீஸ் வந்தும் அடங்கவில்லை. இந்த அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் நடுவில் போய் நின்றார். இரண்டு பக்கமும் கம்பு கீழே விழுந்தது. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பானை மோர்தான். ஓட்டு யாருக்கு என்று இந்தத் தேதி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

இப்பேர்ப்பட்ட அம்மாவின் முன்னால்தான், எண்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம், கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக் காலனியைச் சேர்ந்த விருத்தாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பதினாலு வயதில் கிளீனராக ஏறியவன், இருபத்திரண்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இப்போது முப்பத்தொன்று. அவன் காலனியில் நாற்பது வீடு. ஒரு வீட்டிலும் ஒரு சைக்கிளுக்கு மேல் சக்கரம் கிடையாது. விழுப்புரத்துப் புரோக்கர் நடராசனிடம் பழைய டாடா லாரி ஒன்று விலைக்கு நின்றது. விருத்தாசலம் கையில் எட்டாயிரம் இருந்தது. மீதிக்குக் கெங்கம்மாள்தான் கதி. அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சொல்வதைப் போலவே செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். அவனுக்கு நடந்து வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

அதற்கப்புறம் அவனுக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. ஒருவன் ஆரனே அடிக்காதே என்றான். இன்னொருவன் அந்த அம்மாவுக்குப் பீடி நாற்றம் ஆகாது என்றான். கூட ஓட்டுகிற சீனுவாசன் மட்டும் அவனைத் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இதப் பாரு விருத்து, அந்தம்மா தங்கமானவங்கதான். ஆனா அவங்க ஜனம் வேற, உங்க ஜனம் வேற. அன்னிக்கி உங்க காலனி ஆளுங்க யாரும் வண்டி கிட்டக்க வராம பாத்துக்கோ. அவங்க மூஞ்சி சுளிச்சிட்டா அப்புறம் பேஜாராப் பூடும்."

இந்தப் பேச்சு விருத்தாசலத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அதற்கு முந்தின ராத்திரிதான் அவன் பெண்சாதி ஜெயம், "செவ்வாக்கெழம நாங்க ரோட்டோரக் கழனியிலதான் மல்லாட்ட ஆயறோம். நீ அந்தம்மாவ ஒக்கார வெச்சிக்கினு வர்றத நான் கண்ணாரப் பாக்கணும்" என்று சொல்லியிருந்தாள். வராதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அங்கேதான் பிசகினான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. நடராசனிடம் கேட்டு ஓட்டிவந்த லாரியைக் கழுவி, குங்குமம் வைத்து, மண்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கெங்கம்மாள் கூஜாவோடு வந்தார். அறுபது வயதில், கைப்பிடியைப் பிடித்து ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்தார். கிளீனர் சீட்டில் இத்தனை பெரிய மனுஷி உட்கார்ந்திருப்பதை விருத்தாசலம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். தன் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, அவன் ஓட்டுகிற வண்டியில்! அந்த அம்மா பொய் சொல்லக் கூடாது என்கிற பேச்சைச் சொன்னார். "சரிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டினார்கள். பங்குனி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. ரோட்டோரக் கழனியில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி மலைபோலக் குவிந்திருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். லாரியைக் கண்டதும் ஒருத்தி எழுந்து வரப்பு மேல் ஓடிவந்தாள். துவைத்துக் கட்டிய மஞ்சள் புடவை, முழங்கை வரை செம்மண். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

விருத்தாசலம் நேராகப் பார்த்துக்கொண்டு கியர் மாற்றினான்.

கெங்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பிப் பார்த்தார். "யாருப்பா அந்தப் பொண்ணு? ஒன்னப் பாத்துதான் கை காட்டுது."

"தெரியாதுங்கம்மா. ஆயற பொம்பளைங்க. லாரி வந்தா சும்மா காட்டுவாங்க."

சொல்லிவிட்டான்! ஆறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளை, அவன் பிள்ளையைப் பெற்றவளை, யாரோ ஆயற பொம்பளை என்று சொல்லிவிட்டான். இப்போது "நிறுத்துப்பா" என்று குரல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அந்த அம்மா கூஜாவைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "ம்" என்றார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

விக்கிரவாண்டியில் ரோட்டை மறித்து நின்ற போலீஸ்காரர், சீட்டில் இருப்பது யார் என்று தெரிந்ததும் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். முண்டியம்பாக்கத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி வழியை அடைத்திருந்தன. யாரோ ஒருவன் "கெங்கம்மா வர்றாங்கடா, ஒதுங்குங்கடா" என்று கத்தினான். அத்தனை டிராக்டரும் மண்ணில் இறங்கி வழி விட்டது. விழுப்புரத்தில் புரோக்கர் நடராசன் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். கெங்கம்மாள் யாரையும் அதட்டவில்லை, சின்னதாகத் தலையை மட்டும் அசைத்தார். விருத்தாசலத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த அம்மா கை வைத்தால் காலனியில் பிறந்தவனும் முதலாளி ஆகலாம், இந்த அம்மா இறங்கிப் போனால் இந்த ரோட்டில் ஒரு சக்கரமும் அவனுக்குக் கிடைக்காது. இரண்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

திரும்பி வரும்போது கெங்கம்மாளே பேச்சை எடுத்தார். "கல்யாணம் ஆயிடுச்சாப்பா?"

"ஆச்சுங்கம்மா. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு."

"சம்சாரம் இன்னா பண்ணுது?"

"வூட்லதாங்க இருக்குது."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்தது. அந்த அம்மா அதற்கும் "ம்" என்றார். கூட்டேரிப்பட்டை நெருங்கினார்கள். மல்லாட்டைக் குவியல் கண்ணில் பட்டது.

"நிறுத்துப்பா."

விருத்தாசலம் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. கெங்கம்மாள் இறங்கினார். போச்சு, பஸ் ஏறப்போகிறார், எல்லாம் போச்சு என்று அவன் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மா பஸ் வருகிற பக்கம் திரும்பவே இல்லை. வரப்பில் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக அந்தப் பெண்களிடம் நடந்தார். இவனும் பின்னாலேயே ஓடினான்.

பெண்கள் பதறி எழுந்து நின்றார்கள். கெங்கம்மாள் மஞ்சள் புடவைக்காரியின் எதிரில் போய் நின்று, பின்னால் கையைக் காட்டினார்.

"ஏம்மா, இந்த ஆள ஒனக்குத் தெரியுமா?"

ஜெயம் புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. காலையில் அவன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்போதிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. என்ன சொல்லியிருக்கிறான் என்பதும் விளங்கியது. அவள் கண் நிறைந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாதுங்கம்மா" என்றாள்.

பக்கத்தில் நின்ற சவுரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. காலனியில் ஜெயத்துக்கு அடுத்த வீட்டுக்காரி, வாயில் அடக்கம் கிடையாது. "அடிப்பாவி! இன்னாடி சொல்ற! கல்யாணப் பொண்ணு மாதிரி புடவ கட்டிக்கினு காலைலேர்ந்து எங்க உசுர எடுத்தியேடி, எங்கூட்டுக்காரரு வர்றாரு, எங்கூட்டுக்காரரு வர்றாருன்னு! அவனத் தெரியாதா ஒனக்கு?"

விருத்தாசலம் செம்மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். "எம் பொண்டாட்டிதாங்கம்மா. நான்தாங்க பொய் சொன்னேன். எனக்காக அதுவும் சொல்லுது."

"தெரியும்" என்றார் கெங்கம்மாள். "சும்மா கை காட்டறவங்க வண்டியப் பாப்பாங்க. இந்தப் பொண்ணு ஓட்டறவனப் பாத்துது. நான் காலைலயே எறங்கியிருக்கணும். பொண்டாட்டியத் தெரியாதுன்றவன் என் சவாரியில நீதான் மொதல் ஆளு. அது ஏன்னு தெரிஞ்சிக்கணும்னுதான் எறங்கல. ஏன் சொன்ன?"

அவன் வந்தது வரட்டும் என்று சொன்னான். "எங்க ஜனத்த வண்டி கிட்ட பாத்தா நீங்க மூஞ்சி சுளிப்பீங்கன்னு சொன்னாங்கம்மா."

கெங்கம்மாள் அதற்குச் சொன்னதை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சவுரியம்மாள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள், ஒருத்தரும் நம்பவில்லை. கெங்கம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னவன் பொய் சொல்லல" என்றார். "எம் மண்டியில இன்னிக்கும் உங்க ஜனத்துக்கு மோர் குடிக்கத் தனி லோட்டாதான். அது என் தப்பு. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். ஆனா பொண்டாட்டியத் தெரியாதுன்னியே, அது ஒன் தப்பு. ஒனக்கு வண்டி கெடையாது."

எவ்வளவு பெரிய அம்மா! தன் குற்றத்தை ஆயற பெண்கள் எதிரில் சொன்னதும் அந்த வாய்தான், அதே மூச்சில் இவன் தலையெழுத்தை அழித்ததும் அந்த வாய்தான். விருத்தாசலம் "சரிங்கம்மா" என்றான்.

கெங்கம்மாள் ஜெயத்தின் பக்கம் திரும்பினார். "இவன் கையில எட்டாயிரம் இருக்குதுன்னானே, அது யார் பணம்?"

ஜெயம் புருஷனைப் பார்த்தாள். "மறைக்காத சொல்லு" என்றான் அவன்.

"நாலாயிரம் அவரு டிரைவர் படிக்காசுலேர்ந்து மிச்சம் புடிச்சதுங்க. மீதி ஆய்ஞ்ச கூலி, கேப்ப அறுத்த கூலி, ரெண்டு ஆடு வித்தது. கம்மல வித்தது முன்னூறு."

"வண்டியில ஏறு."

"அய்யோ, மண்ணும் மட்டையுமா இருக்கேன்ம்மா."

"நானும் மல்லாட்ட ஆய்ஞ்சவதான். ஜல்தி ஏறு."

கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் ஏழு மைல். விருத்தாசலம் ஓட்டினான். கெங்கம்மாளுக்கும் அவனுக்கும் நடுவில் ஜெயம் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறும்போதே அவளுக்கும் அந்தப் பேச்சைச் சொல்லியாகிவிட்டது: பொய் சொன்னால் இறங்கிவிடுவேன் என்று. கெங்கம்மாள் கேட்டுக்கொண்டே வந்தார், ஜெயம் சொல்லிக்கொண்டே வந்தாள். புருஷன் குடிப்பானா? மாசத்துக்கு ஒரு தரம் குடிப்பான். அடிப்பானா? ஒருமுறை கை ஓங்கினான், இவள் கட்டையைத் தூக்கினாள், அதோடு சரி. லாரிக்கு லோடு எங்கிருந்து பிடிப்பாய்? மல்லாட்டை வியாபாரி மூன்று பேருக்கு இவள்தான் ஆள் கூட்டிப்போகிறவள், மூன்று பேரிடமும் வாய் விட்டுக் கேட்க முடியும். விருத்தாசலம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். வியாபாரிகளைப் பற்றி அவளிடம் அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இப்ப சொல்லு" என்றார் கெங்கம்மாள். "அவன் தெரியாதுன்னான்னு தெரிஞ்சும் நீ ஏன் தெரியாதுன்ன?"

"உண்மையச் சொன்னா நீங்க எறங்கிப் பூடுவீங்க. பதினேழு வருஷமா ஆசப்பட்ட வண்டிம்மா." குரல் உடைந்தது. "கோவம் இல்லாம இல்லீங்க. வூட்டுக்குப் போய் வெச்சிக்கலாம்னு நெனச்சேன்."

கெங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரித்து விருத்தாசலம் அன்றுதான் பார்த்தான். ஆனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைவிட, வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

மண்டி வாசலில் வண்டி நின்றது. கணக்குப் பார்க்கிற பாண்டுரங்கன் வழக்கம்போல வெளியே வந்து நின்றார். கெங்கம்மாள் இறங்கினால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று லாரிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சீனுவாசனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். காலனிப் பெண் ஒருத்தி செம்மண் கையோடு லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்துக் கூட்டம் விலகி வழி விட்டது.

கெங்கம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாண்டுரங்கா, பணத்த எடு. வண்டி இந்தப் பொண்ணு பேர்ல. பேரு இன்னாம்மா?"

"ஜெயங்க."

"ஜெயம். ஆர்சி புக்குல அந்தப் பேர்தான் இருக்கணும். மாசத் தவணைய இந்தப் பொண்ணுதான் கொண்டாந்து கட்டணும், வேற யாரு வந்தாலும் வாங்காத."

பாண்டுரங்கன் பேனாவை எடுத்தார். பெண் பேரில் லாரிக்குப் பணம் கொடுத்து அந்த மண்டியில் யாரும் பார்த்ததில்லை, அதிலும் அந்தக் காலனிப் பெண் பேரில். விருத்தாசலம் வாசற்படிக்கு வெளியே, சுவரோரமாக ஒதுங்கி நின்றான். உள்ளே வரச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

"எல்லாம் சரி" என்றார் கெங்கம்மாள். "ஒனக்கு ஓட்டத் தெரியாது. இப்ப நீ மொதலாளி. டிரைவரா யாரப் போடப் போற? எங்கிட்ட நல்ல ஆளுங்க நாலு பேரு இருக்காங்க. சொல்லு, அனுப்பறேன்."

ஜெயம் கையிலிருந்த செம்மண்ணை உரசி உதிர்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். விருத்தாசலம் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வேணாங்கம்மா" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு."

அத்தனை பேர் எதிரில் விருத்தாசலம் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல், விக்கி விக்கி அழுதான்.